கேட்ட தொகைக்கு அவர்கள் சம்மதித்தபோது

குத்துச்சண்டையில் என் வேலை பேசுவது. எங்கள் வீரன் யாரோடு மோதுவான், எந்த ஊரில், எத்தனை ரவுண்டு, எவ்வளவு பணத்துக்கு என்பதையெல்லாம் எதிர்த்தரப்போடு பேசி முடித்துக் கொடுப்பேன். அந்தப் பணத்தை எங்கள் தொழிலில் பர்ஸ் என்போம். பல வருடம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, இப்போது காரைக்காலில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதோடு சரி.

போன மாதம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு குத்துச்சண்டை மேனேஜர் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய வீரன் ஒரு பெரிய ஆளோடு மோதாமல் நழுவுகிறான் என்று போனைத் திறந்தாலே திட்டுகிறார்களாம். பயந்தாங்கொள்ளி, காசுப்பேய் என்று பச்சை பச்சையாக எழுதுகிறார்களாம்.

"இத நீங்கள்லாம் எப்படி பாய் தாங்குனீங்க?" என்றார்.

 டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் எழுத்தராக இருந்து திரும்பியவன் நான். குத்துச்சண்டை பற்றி ஒன்றும் தெரியாது. இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் அரபியும் பேசுவேன் என்பதற்காக என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார் லூர்துநாதன். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ராணுவத்திலேயே குத்துச்சண்டை போட்டவர். தலத்தெருவில் ஒரு பழைய நெல் குடோனை வாங்கி, ரிங் கட்டி, பையன்களைப் பழக்கினார். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்பது போல.

முசே குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை ஒரே அளவாக மடித்து விட்டிருப்பார். நான் போனில் பேரம் பேசும்போது எதிரே கண்ணை மூடி உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பார். ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கினால் நான் பேச்சை நிறுத்திவிட வேண்டும். எதிர்த்தரப்பு அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தானாக ஏதாவது பேசும். அதுவரை நாங்கள் இருவரும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்போம்.

"பணத்தக் கடைசில பேசு, காதர்," என்பார். "முதல்ல ரிங்கோட தரை எப்படி, கிளவ்ஸ் என்ன எடை, டாக்டர் யாரு, ஆம்புலன்ஸ் எங்க நிக்கும்னு கேளு. ஆம்புலன்ஸுக்குக் கணக்குப் பாக்குறவன் பர்ஸ் எவ்வளவு குடுத்தாலும் நமக்கு வேணாம்."

ஒருமுறை கோவாவில் சண்டைக்குப் போயிருந்தோம். ஆம்புலன்ஸ் என்று நின்ற வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் நாற்காலிகளும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் இருந்தன.  முசே வீரனின் கையில் சுற்றியிருந்த துணியைத் தானே அவிழ்த்து, சட்டையைப் போடச் சொல்லி, எங்களைப் பஸ் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார். காரைக்கால் கோஷ்டி ஓடிவிட்டது என்று பின்னால் கத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சொல்லிட்டுப் போறாங்க," என்றார் முசே. "பையன் ஜன்னலோரமா உக்காந்து தூங்கிட்டு வர்றான் பாரு."

இந்தத் தொழிலில் எனக்குப் பயம் என்றால் என்னவென்று காட்டியது குமரேசனின் விஷயம்.

குமரேசன், காரைக்காலுக்குப் பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பேர்போன அம்பகரத்தூர்க்காரன். நிலம் இல்லாத வீடு. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வந்தவன். இடது கையால் அவன் விலாவில் இறக்கும் குத்தை வாங்கியவர்கள் மறு ரவுண்டில் கையைத் தூக்க மாட்டார்கள். தொழில்முறைச் சண்டையில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. அதே எடைப் பிரிவில் தோற்காத இன்னொருவன் ராகேஷ் என்கிற ஹரியானாக்காரன். இருவரையும் மோதவிட வேண்டும் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஒரு காலைப் பயிற்சிவரை.

அன்று குமரேசன் நான்கு ரவுண்டு ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டை போட்டான். நன்றாகவே போட்டான். தலையில் ஒன்றிரண்டு பட்டது, வழக்கமாகப் படுவதுதான். பெஞ்சில் உட்கார்ந்து கைத்துணிகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். தண்ணீர் குடித்தான். பிறகு அதே துணியை எடுத்துக் கையில் மறுபடி சுற்ற ஆரம்பித்தான்.

முசே அருகில் போனார். "குமரேசா, என்னப்பா பண்ற?"

"இன்னிக்கு ஸ்பாரிங்னு சொன்னீங்களே முசே. ஆள் இன்னும் வரலியா?"

அவனோடு மோதிய ஆள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். குமரேசன் அவனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "சும்மா சொன்னேன் முசே."

அவன் சும்மா சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் அவன் கண்ணில் இருந்ததை நான் பார்த்தேன். கூட்டத்தில் தாயின் கையை விட்டுவிட்ட பிள்ளையின் கண் அது.

முசே என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் நிறுத்தினார்.  பிறகு ராணுவத்தில் தன்னோடு இருந்த ஒரு பிரெஞ்சுக்காரனைப் பற்றிச் சொன்னார். அவனும் இப்படித்தான், செய்த வேலையை மறந்துபோய் மறுபடி செய்வானாம். எல்லோரும் கேலி செய்தார்களாம். அடுத்த சண்டையில் மூன்றாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான்.

"உக்காந்தான், காதர். எழுந்திரிக்கல. பெருசா ஒரு அடியும் படல. நான்தான் அவனுக்குத் தண்ணி குடுத்தேன்."

தஞ்சாவூருக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த டாக்டர் நல்லவர். "ஸ்கேன்ல தெரியலங்கறதால ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லங்க. ஆனா தெரியாத ஒண்ண நான் எப்படி எழுதித் தர முடியும்? என் வீட்டுப் பையனா இருந்தா விளையாட விடமாட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்," என்றார்.

விட்டுவிடு என்று முசே குமரேசனிடம் நேராகவே சொன்னார். அவன் முகம் கறுத்துவிட்டது.

"டாக்டரே ஒண்ணுமில்லங்கிறாரு. நீங்க வேணாம்னா வேற மேனேஜர்கிட்ட போறேன் முசே. கரி இறக்க மட்டும் இனிமே போகமாட்டேன்."

அவன் போவான். அது எங்களுக்குத் தெரியும். போனால் புது மேனேஜர் முதல் காரியமாக அவனை ராகேஷ் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிற ஒருவர்கூட அவன் மூலையில் இருக்கமாட்டார்கள். வெளியே சொல்லவும் வழியில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் அவன் பக்கம் இருந்தது.

எனவே முசே ஒரு முடிவு எடுத்தார். குமரேசனை நம்மிடமே வைத்துக்கொள்வது. பயிற்சியில் தலையில் அடி படாமல் பார்த்துக்கொள்வது. பலமில்லாத ஆட்களாகப் பார்த்து எப்போதாவது ஒரு சண்டை. வயது ஏற ஏற அவனே ஓய்ந்துவிடுவான். ராகேஷோடு மட்டும் கூடாது.

"அது உன் வேல," என்றார் என்னிடம். "முடியாதுன்னு சொல்லாத. சொன்னா குமரேசனுக்குத் தெரிஞ்சிடும். அவங்க குடுக்க முடியாத தொகையாக் கேளு."

அதற்குப் பிறகு நான் செய்த பேரமெல்லாம் முறிப்பதற்காகச் செய்த பேரம். சென்னையில் அந்தச் சண்டையை நடத்த நினைத்தவர் தயாளன் என்கிற ஏற்பாட்டாளர். எட்டு லட்சம் தருகிறேன் என்றார். நான் இருபது கேட்டேன். பத்துக்கு வந்தார். நான் கிளவ்ஸ் எடையில் தகராறு செய்தேன். பன்னிரண்டுக்கு வந்தார். நடுவரை மாற்றச் சொன்னேன், ரிங்குக்குள் எங்கள் ஆள்தான் கடைசியாக வருவான் என்றேன், சண்டையைக் காரைக்காலில் வைக்கச் சொன்னேன்.  நல்ல பேரத்தில் எதிராளி எப்போது விழுவான் என்று காத்திருப்போம். இதில் எங்கே விழுந்துவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

வசை தொடங்கியது. ராகேஷ் ஒரு வீடியோவில் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் குமரேசன் என்று கூப்பிட்டான். குடோன் முகவரிக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் கண்ணாடி வளையல். துறைமுக ரோட்டு டீக்கடையில் வடக்கத்தி லாரி டிரைவர்கள் அந்த வீடியோவைக் குமரேசனின் முன்னாலேயே போட்டுச் சிரித்தார்களாம். அவனுடைய பெண் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, "என்ன பாய், நம்மூரு மானத்தக் காசுக்கு வித்துட்டீங்களாமே," என்றார். நான் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குமரேசன் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "பாய், பர்ஸக் கொறைங்க. எனக்கு எட்டே போதும்."

"உன் மதிப்பு எனக்குத் தெரியும்பா. பொறு," என்றேன். அவன் என்னைப் பேராசைக்காரன் என்று நினைத்தான். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. குடோனில் மாலை அசர் தொழுகையை முடித்துவிட்டு எழுந்திருந்தேன். தயாளன் கூப்பிட்டார்.

"கடைசியாக் கேக்குறேன் பாய். எவ்வளவு?"

"முப்பது லட்சம்," என்றேன். இந்தியாவில் அந்த எடையில் யாரும் அந்தத் தொகையைக் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. "மத்த கண்டிஷன் எல்லாம் அப்படியே."

முசே விரலைத் தூக்கினார். மின்விசிறி சுற்றியது.

"சரி," என்றார் தயாளன்.

"என்ன சரி?"

"முப்பது. கிளவ்ஸ், நடுவர், கடைசியா வர்றது எல்லாம் சரி. ஊர் மட்டும் சென்னை. ஆன்லைன்ல காட்டுறதுக்கு ஒரு கம்பெனி பணம் போடுது. வாழ்த்துகள் பாய், நல்லாப் பேசுனீங்க."

 முசே கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.  ஊரைக் காரணம் காட்டி முப்பது லட்சத்தை வேண்டாம் என்றால் குமரேசனே நம்பமாட்டான்; மறுக்க இனி ஒரு காரணமும் எங்களிடம் மிச்சமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ராகேஷ் வீடியோ போட்டுவிட்டான். குமரேசனுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் குமரேசனின் மனைவி செல்வி ஒரு டப்பா நிறைய அதிரசத்தோடு வந்தாள். என் மனைவி கையில் அதைக் கொடுத்துவிட்டு, என் காலில் விழப் போனாள். நான் பதறிப் பின்வாங்கினேன்.

"வேணாம்மா, வேணாம்."

"எங்களுக்கு ஒரு வீடாயிடும்ணே. அவரு நேத்துலேருந்து தரையில நடக்கல," என்றாள். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கணும்ணே. அவரு இப்பல்லாம் கேட்டதையே கேக்குறாரு. சாப்ட்டுட்டு, சாப்பாடு போடலியாங்கிறாரு. களைப்புதானே அது?"

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணியை மறுபடி சுற்றியது, டாக்டர் சொன்னது, முசே சொன்ன அந்தப் பிரெஞ்சுக்காரன் கதை. முப்பது லட்சம் ஏன் கேட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் சொன்னா நிறுத்துவாரா?"

"நீதான் சொல்லிப் பாக்கணும்."

சொல்லிப் பார்த்தாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டார் வந்து விலக்கும்படி சண்டை ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்தாள். "தாலியக் கழட்டி வச்சுட்டுப் பேசுனாலும் கேக்கமாட்டாருண்ணே. நீங்க ரெண்டு பேரும் கூடவே இருங்க. யாரு என்ன சொன்னாலும் இருங்க."

சென்னை உள்அரங்கில் மாலை நேரத்தில் பத்து ரவுண்டு சண்டை. மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் அங்கேயும் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. இதுவும் தட்டிக்கழிக்கும் வேலைதான் என்று தயாளன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சிரித்தார்.

முசே எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொரு ரவுண்டு முடிந்து அவன் ஸ்டூலில் உட்கார்ந்ததும் நான் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் கேள்வி கேட்பார். என்ன ஊர், எதிரே யார், போன ரவுண்டில் நான் என்ன சொன்னேன். அவன் பதில் சொல்லும்போது நான் வாயைப் பார்க்கக்கூடாது, கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ரவுண்டு முடிந்தது. "சென்னை. ராகேஷ். இடது தோள இறக்காதேன்னீங்க." இரண்டாவதும் அப்படியே. குமரேசன் அற்புதமாக ஆடினான். நான்காவதில் அவனுடைய விலாக் குத்து இறங்கியது, ராகேஷ் கயிற்றில் சாய்ந்தான். அரங்கமே எழுந்து நின்றது. நான் ஒருவன்தான் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். குமரேசனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் படும் ஒவ்வொரு அடிக்கும் என் வாய் தானாகக் கலிமா சொன்னது.

ஐந்தாவது ரவுண்டு முடிந்தபோது, "இன்னும் என்ன முசே இதையே கேட்டுக்கிட்டு?" என்று சிடுசிடுத்தான். எனக்கு உயிர் வந்தது. சிடுசிடுக்கத் தெரிகிறதே.

ஆறாவதில் ராகேஷின் வலது கை அவன் காதுக்கு மேலே பட்டது. பெரிய குத்து இல்லை. குமரேசன் தடுமாறக்கூட இல்லை. திருப்பி இரண்டு போட்டான். மணி அடித்தது. நேராக எங்கள் மூலைக்கு நடந்து வந்தான். ஒழுங்காக உட்கார்ந்தான். நான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டான்.

"என்ன ஊரு, குமரேசா?"

அவன் முசேயின் தோளுக்கு மேலே கூட்டத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்திருந்தது.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கே," என்றான். "அம்மன் கோயில் திருவிழாவா?"

 முசே என் பக்கம் திரும்பவேயில்லை. அவன் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, எழுந்து கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார். நிறுத்திக்கொள்கிறோம் என்றார். நடுவருக்கே புரியவில்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவன் மூலையிலிருந்து யார் சண்டையை நிறுத்துவார்கள்?

நடுவர் ராகேஷின் கையை உயர்த்தியதைப் பார்த்ததும்தான் குமரேசன் நினைவுக்குத் திரும்பி வந்தான். எழுந்து முசேயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "ஏன் முசே? ஏன்? எனக்கு என்ன கொற?" என்று கத்தினான். முசே கையை எடுத்துவிடவில்லை. பிடித்த இடத்தில் சட்டை கிழிந்தது. மேலிருந்து பாட்டில்கள் வந்து விழுந்தன. பயந்தாங்கொள்ளி என்று அதுவரை திட்டிய வாய்கள் இப்போது வித்துட்டானுங்க, வித்துட்டானுங்க என்று கத்தின. போலீஸ்காரர்கள் எங்கள் தலைக்கு மேல் நாற்காலியைப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் சரியான இடத்தில்தான் நின்றது. உள்ளே எல்லாம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேனில் ஒரு சின்ன நிழல் இருக்கிறது என்றார் ஒரு டாக்டர். அது பிறவியிலேயே இருப்பதாகவும் இருக்கலாம் என்றார் இன்னொருவர். ஆனால் மூலையில் நடந்ததை நாங்கள் எழுதிக் கொடுத்ததும் அவனுக்கு இனி அனுமதி இல்லை என்று முடிவாகிவிட்டது. விசாரணை நடந்து, எங்கள் மேல் தவறில்லை என்று பர்ஸும் வந்தது. குமரேசன் அம்பகரத்தூரில் வீடு கட்டினான். துறைமுக வாசலில் லாரிகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டான். முசே குடோனை விற்றுவிட்டுப் பிரான்சுக்கு மகனிடம் போனார். அங்கேயே இறந்துபோனார். தகவல் சொல்லப் போனபோது குமரேசன் வாசலுக்கு வரவில்லை. செல்விதான் கேட்டுக்கொண்டாள்.

நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னும் நான்கு ரவுண்டு ஆடியிருந்தால் ஜெயித்து, நன்றாக வீட்டுக்கு வந்திருக்கலாம். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்காமலும் போயிருக்கலாம். அவன் உயிரோடு இருப்பதாலேயே அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

பாண்டிச்சேரி மேனேஜர் வந்துபோன செய்தி எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், குமரேசன் மோட்டார் சைக்கிளோடு வாசலில் நிற்கிறான். தலை பாதி நரைத்திருந்தது. உள்ளே வரமாட்டேன் என்றான்.

"பாய், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஆறாவது ரவுண்டு முடிஞ்சு முசே ஊரக் கேட்டாரு. நான் சென்னைன்னுதானே சொன்னேன்?"

அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தோமே தவிர, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் யாரும் இல்லை. செல்விகூடச் சொல்லவில்லை.

"இல்லப்பா," என்றேன். "கூட்டத்தப் பாத்துட்டு, அம்மன் கோயில் திருவிழாவான்னு கேட்ட."

அவன் கை மோட்டார் சைக்கிளின் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. ராகேஷுக்கு முன்னாலும் நான் பார்க்காத பயத்தை அன்று அவன் முகத்தில் பார்த்தேன்.

"சிரிச்சனா?"

"ஆமா. சந்தோஷமா இருந்த."

சீட்டில் இருந்த தூசியைக் கையால் துடைத்தான். பிறகு, "எனக்கு அந்த ரவுண்டு நல்லா ஞாபகம் இருக்கு பாய். சென்னைன்னு சொன்னது ஞாபகம் இருக்கு," என்றான். சண்டை போடுகிற குரல் இல்லை. ஆமாம், சென்னை என்றுதான் சொன்னாய் என்று என்னைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற குரல்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் அதைத் தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டியைக் கிளப்பினான்.

தெருமுனை வரை போய் அங்கே நின்றான். இடது பக்கம் அம்பகரத்தூர் சாலை, வலது பக்கம் கடற்கரை. லாரி ஏதும் குறுக்கே வரவில்லை, ஆனாலும் நின்றுகொண்டே இருந்தான். நான் செருப்பு போடாமல் தெருவில் இறங்கிவிட்டேன். கூப்பிடலாமா என்று நினைத்தபோது, அவன் இடது பக்கம் திரும்பி வீட்டுக்குப் போகும் வழியில் போனான்.